பொம்மையைப் பிரித்து ஓசை எழுப்பும் மகளுக்கு எந்தப் படிப்பு, என்ன வேலை?

பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் மகள் பழைய பொம்மைகளையும் தகர டப்பாக்களையும் பிரித்து, ஒயர் கோத்து, விதவிதமாகச் சத்தம் எழுப்பிக்கொண்டிருக்கிறாள். இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப் பொருள்களிலிருந்து ஒலி படைக்கும் ஓசைக்கலை ஒன்றை மட்டுமே நம்பி மாத வருமானம் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அதைச் செய்யும்போது கைக்கு வரும் திறமைகளுக்கு வேலை உண்டு. ஆகவே அவள் எழுப்புவது இசையா இரைச்சலா என்று பார்க்காதீர்கள். தொடங்கியதை முடிக்கிறாளா, பழுதானால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறாளா என்று பாருங்கள்.

இது திடீரென்று முளைத்த விளையாட்டு அல்ல. 1966இல் அமெரிக்காவில் ரீட் கசாலா என்ற இளைஞரின் மேசை இழுப்பறைக்குள் கிடந்த சிறிய ஆம்ப்ளிஃபயர் ஏதோ உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகி, விசித்திரமான ஒலிகளை எழுப்பியது. அதைத் தொடர்ந்து, பேட்டரிப் பொருள்களின் சர்க்யூட்டை வேண்டுமென்றே மாற்றி இணைத்துப் புது ஒலி எழுப்பும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். அதற்குத்தான் சர்க்யூட் பெண்டிங் என்று பெயர்.

அவளுடைய ஆர்வம் எவ்வளவு ஆழமானது என்று அறிய எளிய வழி, ஒரு சிறு வேலையை முழுமையாகச் செய்யச் சொல்வது. 27 மில்லிமீட்டர் பீசோ வட்டு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் தகடு) ஒன்று, ஷீல்டு (உலோக உறை) உள்ள கேபிள், எல்.எம்.386 ஐசி (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் சில்லு), சில கெபாசிட்டர்கள் (மின்தேக்கிகள்), 8 ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி ஆகியவை போதும். பீசோவைத் தகர டப்பாவிலோ மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பியிலோ ஒட்டினால், காதுக்கு எட்டாத அதிர்வுகளும் கேட்கத் தொடங்கும். ஐசியின் 6ஆம் காலுக்கு மின்சாரம், 4ஆம் காலும் 2ஆம் காலும் கிரவுண்டுக்கு (பேட்டரியின் மைனஸ் முனை), 3ஆம் காலில் உள்ளீடு, 5ஆம் காலிலிருந்து 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ஸ்பீக்கருக்கு. 1, 8 கால்களுக்கு நடுவே எதுவும் இல்லையென்றால் பெருக்கம் 20 மடங்கு. 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் 200 மடங்கு.

கற்றல் நடப்பது இது சரியாக வேலை செய்யாத இடத்தில்தான். ஒலி மெலிந்து, அடித்தொனியே இல்லாமல் தகரமாகக் கேட்கிறது என்பாள். பீசோ ஒரு கெபாசிட்டரைப் போன்றது, ஏறத்தாழ 20 நானோஃபாரட். எல்.எம்.386இன் உள்ளீட்டு மின்தடை 50 கிலோ ஓம். இரண்டும் சேரும்போது சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி தேயத் தொடங்கும். பல ஒலிகளைக் கலக்கும் ஆடியோ மிக்சரின் 10 கிலோ ஓம் உள்ளீட்டில் செருகினால் இழப்பு 800 ஹெர்ட்ஸிலேயே ஆரம்பித்துவிடும். நடுவில் ஒரு எஃப்இடி பஃபர் (டிரான்சிஸ்டரால் ஆன இடைச்சுற்று) வைத்து உள்ளீட்டை 1 மெகா ஓமுக்கு உயர்த்தினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த மின்தடை, மின்தேக்கிச் சூத்திரம் காதுக்கே கேட்கும் இடம் இது! இந்தக் கணக்கை அவளே போட்டுப் பார்த்தால், மின்னணுவியல் படிப்பைத் தயங்காமல் பரிசீலிக்கலாம்.

மற்ற பழுதுகளும் வழக்கமானவைதான். உம் என்ற இரைச்சல் வந்தால் ஷீல்டு கிரவுண்டில் சேரவில்லை. ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிட்டால் மின்சாரக் கால் அருகே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இல்லை, அல்லது ஸ்பீக்கர் பீசோவுக்கு மிக அருகில் இருக்கிறது. பீசோவின் வெள்ளைப் பகுதியில் சால்டரிங் அயர்னை இரண்டு நொடிக்கு மேல் வைத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும்.

அடுத்த படி ஒலியை அவளே உருவாக்குவது. சி.டி.40106 ஐசியில் ஆறு இன்வெர்ட்டர்கள் (உள்ளே வரும் சிக்னலைத் தலைகீழாக்கித் தரும் சுற்றுகள்) உண்டு. ஒன்றின் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வைத்தால் சுமார் 100 ஹெர்ட்ஸ் சுருதி கிடைக்கும். அந்த ரெசிஸ்டருக்குப் பதிலாக எல்.டி.ஆர். (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பாகம்) வைத்தால் வெளிச்சத்தில் சுருதி ஏறும், நிழல் பட்டால் இறங்கும். பயன்படுத்தாத உள்ளீடுகளைக் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். மிதக்கவிட்டால் ஐசி தாறுமாறாக நடக்கும். 74எச்.சி.14 என்ற ஒத்த ஐசியை 9 வோல்ட்டில் போட்டால் கெட்டுப்போகும், அது தாங்குவது 6 வோல்ட் வரைதான்.

பேசும் பொம்மையைப் பிரிப்பதாக இருந்தால், ஒலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரைத் தேடச் சொல்லுங்கள். ஈரவிரலால் தொடும்போது சுருதி மாறுகிறதென்றால் அதுதான் இடம். அதைக் கழற்றிவிட்டு 1 மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் (திருப்பினால் மின்தடை மாறும் குமிழ்), அதோடு தொடராக ஒரு சிறு ரெசிஸ்டரும் வைக்கலாம். அந்தச் சிறு ரெசிஸ்டர் இல்லையென்றால், குமிழை முழுக்கத் திருப்பும்போது வேகம் எல்லை மீறிப் பொம்மை உறைந்துபோகும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சுவர் பிளக்கில் இயங்கும் எதையும் அவள் திறக்கக் கூடாது, பேட்டரிப் பொருள்கள் மட்டும்தான். பழைய கேமராவின் ஃபிளாஷ் பேட்டரியில் இயங்கினாலும் அதைத் திறக்கக் கூடாது: அதன் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும். சால்டர் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஈயம் கலந்த சால்டர் என்றால் சாப்பிடுமுன் கையைக் கழுவ வேண்டும்.

இனி படிப்பு. சர்க்யூட்டில் மனம் ஒட்டுகிறவளுக்கு மின்னணுவியல் அல்லது எம்பெடெட் சிஸ்டம்ஸ் (கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினிகள்). ஒலியின் இயல்பில் ஒட்டினால் ஒலியியல், ஆடியோ பொறியியல். பார்வையாளரோடு உறவாடும் பொருள்களில் ஒட்டினால் இன்டராக்ஷன் டிசைன் அல்லது நுண்கலை. வேலைகள் என்று பார்த்தால் அறிவியல் அருங்காட்சியகங்களின் தொட்டு இயக்கும் காட்சிப்பொருள்கள், நாடக ஒலியமைப்பு, விளையாட்டு மென்பொருளுக்கான ஒலி, இசைக்கருவி வடிவமைப்பு, பழுதுபார்ப்பு, பயிற்றுவித்தல். என் கருத்து, அடித்தளமாக ஒரு தொழில்நுட்பப் படிப்பை வைத்துக்கொண்டு கலையைப் பக்கத்திலேயே வளர்ப்பது நல்லது. ஆனால் கணிதமும் இயற்பியலும் அவளுக்குச் சுமையாகவே இருந்தால், பொறியியலில் தள்ளிவிட வேண்டாம். நுண்கலையில் சேர்ந்து சர்க்யூட்டைத் தேவைக்கேற்பக் கற்றவர்களும் நன்றாகவே செய்கிறார்கள்.

சேர்க்கைக்குப் போகுமுன் நான்கு படைப்புகள் போதும், இருபது வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 60 முதல் 90 நொடி வீடியோ, கையால் வரைந்த சர்க்யூட் படம், பாகங்களின் பட்டியல், எது பழுதானது, எப்படிச் சரிசெய்தாள் என்று ஒரு பக்கம். பலர் இந்தக் கடைசிப் பக்கத்தை வெட்கப்பட்டு எழுதாமல் விடுகிறார்கள். நேர்முகத் தேர்வில் பேச்சு வளர்வதே அதிலிருந்துதான். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் சிதைவு இருக்காது.

நான்கில் ஒன்றையாவது எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடவிட்டு, தெரியாத நான்கு பேர் கையால் தொட விடச் சொல்லுங்கள். முதலில் அறுவது பெரும்பாலும் பேட்டரிக் கிளிப்பின் ஒயர், அடுத்தது பீசோவின் சால்டர். அவற்றை ஹாட் குளூ வைத்து இறுக்கி, கேபிளுக்கு ஒரு முடிச்சும் போட்டுக் கட்டினால் இழுப்பு சால்டரில் விழாது.