எந்தப் பக்கம் கறுப்பு?

அன்புள்ள ஐயா,

நான் தெஹிவளையில் இருக்கிறேன். வங்கியில் வேலை, வயது 36. பழைய 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்கப்பல் டீவித் தொடர் என்றால் எனக்குப் பைத்தியம். 79 அத்தியாயங்களையும் மூன்று தடவை பார்த்துவிட்டேன். கந்தோரில் "கார்ட்போர்ட் பாறை, ஒட்டவைத்த காது, இதைப் போய்ப் பார்க்கிறாயே" என்று சிரிக்கிறார்கள். மடிக்கிற செல்போனை அப்போதே காட்டிய தொடர் என்று சொல்லித்தான் தப்பிக்கிறேன். ஒன்பது வயது மகளுக்குக் காட்ட ஆசை. பழைய பிரதியைக் காட்டுவதா, 2006இல் கணினி வரைகலையால் புதுப்பித்ததைக் காட்டுவதா? அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வாழ்ந்த கொழும்பில் தமிழில் ஏன் நல்ல அறிவியல் புனைகதை வரவில்லை என்றும் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பெயரை ஏன் ஒளித்தீர்? நீர் என்ன களவா எடுத்தீர்?

போன கிழமை அலுமாரி துப்புரவாக்கும்போது பூஞ்சணம் பிடித்த ஒரு வீடியோ கசெட் கையில் அகப்பட்டது. எறிய மனம் வராமல் மேசையில் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து உமது கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

கிளார்க் பார்ன்ஸ் பிளேஸில் இருந்தார், பொரளைக் கனத்தையில் புதைத்தார்கள். அந்தக் காற்றைச் சுவாசித்ததற்காக நமக்கும் எழுத வரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அடுத்தது, கார்ட்போர்ட் பாறை. கார்ட்போர்ட்தான், யார் இல்லை என்றது? கப்பல் அடிபட்டால் கமெரா சாயும், நடிகர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக விழுவார்கள். வாராவாரம் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டக் காசு இல்லாதபடியால்தான் ஆட்களை மினுங்கவைத்து, மறையவைத்து அனுப்பினார்கள். காசு இருந்திருந்தால் அந்த வடிவான மினுங்கல் நமக்குக் கிடைத்திருக்காது.

எனக்குக் கோபம் வந்தது செல்போனில். விரும்பிய ஒன்றுக்கு எதற்கு ஐயா அத்தாட்சிப் பத்திரம்? பின்னால் வரப்போவதைச் சரியாகச் சொன்னதால் ஒரு கதை நல்லது என்றால், சாத்திரியாரிடம் போய் இருக்கலாமே! அதே தொடரில், 1967இல் வந்த ஒரு அத்தியாயத்தில், 1990களில் பெரிய உலக யுத்தம் நடந்ததாகவும் கான் என்ற கொடுங்கோலன் 1996இல் பூமியை விட்டுத் தப்பியதாகவும் சொல்கிறார்கள். 1996 ஜனவரியில் கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது உமக்குத் தெரியும். அதை எந்த விண்கப்பலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் அந்த ஒட்டவைத்த காதுக்காரர் ஸ்பொக்கை விரும்பியிருப்பீரா? அவரும் கப்பல் டொக்டர் மக்கோயும் கொழுவுப்படுவதைப் பார்க்கத்தானே மூன்று தடவை இருந்தீர்? கந்தோரில் அதைச் சொல்லும். சிரித்தால் சிரிக்கட்டும்.

சரி, அந்தக் கசெட். 1986. வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தோம். ரயில் போனால் ஜன்னல் அதிரும். சித்தப்பா டொரன்டோவில் டீவியில் இருந்து பதிந்து மூன்று கசெட் அனுப்பினார். சனிக்கிழமை டெக் வாடகைக்கு எடுத்தோம். அங்கத்தைய கசெட் என்டிஎஸ்சி (NTSC) முறை, எங்கள் டீவி பால் (PAL) முறை, ஒன்றுக்கொன்று ஒத்துவராது. டெக் எப்படியோ இழுத்தது, ஆனால் நிறம் வரவில்லை. படம் இடைக்கிடை மேலே உருளும், அண்ணா டீவியின் பின்பக்கத் திருகைப் பிடித்துக்கொண்டே நிற்பார். சிவப்புச் சட்டைக்காரன் முதலில் சாவான் என்ற பகிடி எங்களுக்குப் பல வருஷம் விளங்கவில்லை. எங்களுக்கு எல்லாச் சட்டையும் சாம்பல்தான்.

அப்புறம் அந்த அத்தியாயம் வந்தது. 1969 ஜனவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக இரண்டு பேர், பீலும் லொக்காயும். ஒருவன் மற்றவனை 50,000 வருஷமாகத் துரத்துகிறான். கதையாகப் பார்த்தால் சுமார்தான். பிரசங்கம் கூட, கடைசி ஓட்டம் முடியவே முடியாது. ஆனால் நிறம் இல்லாத எங்கள் டீவிக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இருவரும் ஒரே மாதிரித்தானே என்று ஸ்பொக் சொல்ல, பீலுக்கு ஆத்திரம் வருகிறது. "எனக்கு வலது பக்கம் கறுப்பு, அவனுக்கு வலது பக்கம் வெள்ளை." அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் தமிழில் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்டியும் மடியில் கடலைச் சுருளோடு இருந்தார். அம்மா, "எந்தப் பக்கம்?" என்று கேட்டு எழும்பிப் போய் டீவிக்கு முன்னால் நின்றார். எனக்கும் குழம்பிவிட்டது. அவனுடைய வலதா, எங்களுடைய வலதா? ரீவைண்ட் பண்ணினோம். ஆன்டி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நோனா, தக்குண மே பெத்த" என்று அம்மாவுக்கு வலது பக்கத்தைக் காட்டினார். அண்ணா திருகை விட்டுவிட்டு எட்டிப் பார்க்க, படம் உருண்டு இரண்டு முகமும் ஒன்றாகிப் போனது. திரும்பவும் ரீவைண்ட். நாலு தடவை. கடைசியில் அம்மா, "உவன் கண்ணாடியில பாத்தா மற்றவனைத்தானே காண்பான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

மகளுக்கு எந்தப் பிரதி என்று கேட்டிருந்தீர். எதையாவது காட்டும். பீல் வாய் திறக்கும் இடத்தில் மட்டும் நிற்பாட்டி, எந்தப் பக்கம் கறுப்பு என்று பிள்ளையிடம் கேட்டு எனக்கு எழுதும். இந்த முறை பெயரோடு.