போர்டு கேம் வடிவமைப்பு சோறு போடுமா?

"போர்டு கேம் டிசைன் பண்றதுதான் என் வேலை" என்று பிள்ளை சொன்னதும், இதற்கு எந்தக் கல்லூரியில் என்ன கோர்ஸ் என்றுதான் பெரும்பாலான பெற்றோர் கேட்கிறார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். பிள்ளை சொல்வது எந்த வேலை என்று முதலில் கேளுங்கள். விளையாட்டை உருவாக்குபவர் வேறு, அதை அச்சிட்டு விற்கும் பதிப்பாளர் வேறு. முன்னது நாவல் எழுதுவது மாதிரி. பின்னது முதல் போட்டு நடத்தும் வியாபாரம். இரண்டையும் ஒருவரே செய்வதுண்டு. ஆனால் பணம் வரும் வழியும் போகும் வழியும் வெவ்வேறு.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பெட்டியின் கடை விலை 100 என்று வையுங்கள். மொத்த விநியோகஸ்தர் அதைப் பதிப்பாளரிடம் ஏறத்தாழ 40க்கு வாங்குவார். வடிவமைப்பாளருக்கான ராயல்டி வழக்கமாக 5 முதல் 8 சதவீதம், அதுவும் கடை விலையில் அல்ல, பதிப்பாளர் கைக்கு வரும் அந்த 40இல். 6 சதவீதம் என்றால் பெட்டிக்கு 2.40. முதல் பதிப்பில் 3,000 பெட்டி முழுக்க விற்றாலும் கிடைப்பது 7,200, அதாவது 72 பெட்டியின் கடை விலை. ஒரு விளையாட்டு உருவாக ஓரிரு ஆண்டு, ஒப்பந்தமாகிக் கடைக்கு வர மேலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதனால்தான் இத்துறையில் பெயர் வாங்கியவர்களில் பலர் வேறொரு வேலையில் காலூன்றி நின்றவர்கள். ஜெர்மன் வடிவமைப்பாளர் கிளாஸ் டாய்பர், உலகெங்கும் பேர்போன தன் 'கட்டான்' விளையாட்டு 1995இல் வெளிவருமுன்பே ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருதை மூன்று முறை வாங்கியிருந்தார். அப்படியும் செயற்கைப் பல் செய்யும் தன் தொழிலை 90களின் பிற்பகுதி வரை அவர் விடவில்லை. நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை வெளியிட்ட ரைனர் க்னிட்சியா கணிதத்தில் முனைவர், நிதித்துறையில் இருந்தவர். முழுநேரமாக இறங்கியது 1997இல்தான். பறவைகளை வைத்து 'விங்ஸ்பேன்' செய்த எலிசபெத் ஹார்கிரேவ் சுகாதாரக் கொள்கைத் துறையில் ஆலோசகராக இருந்தவர். ஆகவே படிப்பை நிறுத்திவிட்டு இதில் குதிப்பதை நான் ஏற்கமாட்டேன். "இதெல்லாம் ஒரு வேலையா" என்று மூடிவைப்பதையும் ஏற்கமாட்டேன்.

இனி படிப்பு. புள்ளியியல், கிராஃபிக் டிசைன், தொழில்துறை வடிவமைப்பு, உளவியல் எல்லாமே உதவும். மாதச் சம்பளம் தரக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். எதைப் படித்தாலும் ஸ்ப்ரெட்ஷீட் கை வந்திருக்க வேண்டும். இரண்டு பகடை உருட்டினால் 7 விழ 36இல் 6 வாய்ப்பு, 2 விழ ஒன்றே ஒன்று. இதை யோசிக்காமலே சொல்லவராத பிள்ளை, ஆட்டத்துக்குள் எந்த அட்டைக்கு எவ்வளவு விலை என்று வைக்கும்போது தடுமாறும்.

பிள்ளைக்கு ஒட்டுமா என்று பார்க்கச் செலவே தேவையில்லை. வெற்று அட்டைகள், பென்சில், சில மரக்கட்டைகள், பிளாஸ்டிக் அட்டை உறைகள் இருந்தால் முதல் மாதிரி தயார். தாளில் எழுதி, பழைய சீட்டோடு சேர்த்து உறையில் செருகினால் குலுக்க வரும். நாளைக்கு விதி மாறினால் தாளை மட்டும் மாற்றலாம். முதல் மாதிரிக்குப் படம் வரையவே விடாதீர்கள். அழகாக வரைந்துவிட்ட அட்டையைக் கிழித்துப்போட யாருக்கும் மனசு வராது.

அடுத்தது சோதனை ஆட்டம். முதலில் தனியாக எல்லார் கையையும் தானே ஆடிப் பார்க்க வேண்டும். பிறகு நண்பர்கள். பிறகு, முன்பின் தெரியாத நால்வரிடம் பெட்டியையும் விதிப்புத்தகத்தையும் கொடுத்துவிட்டு மூலையில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். விதியைத் தப்பாகப் படித்து ஆடுவார்கள், திருத்தக் கூடாது. கைக்கடிகாரமும் நோட்டும் போதும்: எந்த விதிக்காகப் புத்தகத்தை இரண்டாம் முறை புரட்டினார்கள், யார் எப்போது செல்போனை எடுத்தார்கள், தோற்பது உறுதியான பிறகும் ஒருவர் எத்தனை நிமிடம் உட்கார நேர்ந்தது. "நல்லாருக்கு" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. "இன்னொரு ஆட்டம் போடலாமா" என்று அவர்களாகக் கேட்டால் அதைக் குறித்துக்கொள்ளலாம். ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு நிறக்குருடு உண்டு என்பதால், சிவப்பும் பச்சையும் மட்டுமே அடையாளமாக இருக்கும் காய்கள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். நூறு ஆட்டம் பார்த்த பிறகும் திருத்த வேண்டியது மிச்சமிருப்பது சாதாரணம். ஆறு மாத உழைப்பைத் தானே குப்பையில் போட்டுவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குகிற பிள்ளை என்றால், அதற்கு இந்த வேலை ஒட்டும்.

பதிப்பாளரிடம் போகும்போது ஒரே பக்கக் குறிப்பு போதும்: எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த வயது, பெட்டிக்குள் என்னென்ன, இந்த ஆட்டத்தில் மட்டும் உள்ள புதுமை என்ன. "யோசனையைத் திருடிவிடுவார்கள்" என்று ஒளித்துவைப்பதால் பயனில்லை. விதிப்புத்தகத்தின் வாசகத்துக்கும் ஓவியத்துக்கும் பதிப்புரிமை உண்டு, ஆடும் முறைக்குக் கிடையாது. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை வேறு. குறித்த காலத்துக்குள், உதாரணமாக 24 மாதத்தில், வெளியிடாவிட்டால் உரிமை திரும்ப வேண்டும். அச்சில் இல்லாமல் போனாலும் திரும்ப வேண்டும். பிறமொழிப் பதிப்பிலும் செயலி வடிவத்திலும் பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். பெட்டியின் மேல் பெயர் வர வேண்டும். கடைசியது சும்மா வந்த உரிமையல்ல. பெயர் போடாவிட்டால் விளையாட்டே தரமாட்டோம் என்று 1988இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் பொம்மைச் சந்தையில் வடிவமைப்பாளர்கள், பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றில் எழுதிக் கையெழுத்துப் போட்ட கதை உண்டு.

"நானே அச்சிடுகிறேன்" என்று பிள்ளை சொன்னால் மறுபடி கணக்கு. ஆலைகள் பெரும்பாலும் 1,000, 1,500 பெட்டிக்குக் குறைந்து எடுப்பதில்லை. தயாரிப்பும் கப்பல் கூலியும் சேர்ந்து கடை விலையில் ஐந்தில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள கைக்கணக்கு. 100 விலைக்கு 20. 3,000 பெட்டிக்கு முன்பணம் 60,000. பாதி விற்றால் 1,500 பெட்டி, தலா 40, வருவதும் 60,000. அதாவது சரக்கில் பாதி தீர்ந்தும் ஓவியருக்கும் விளம்பரத்துக்கும் போட்ட காசு வெளியிலேயே நிற்கும், மீதிப் பெட்டிகளுக்குக் கிடங்கு வாடகையும் ஓடும்.

சின்னச் சின்ன முடிவுகளில்தான் காசு கரைகிறது. சீட்டுக்கட்டு அளவு அட்டைகளை ஒரு பெரிய தாளில் 54 என்ற கணக்கில் அச்சிடுவது வழக்கம். 60 அட்டை தேவைப்படும் ஆட்டத்துக்கு இன்னொரு தாள் ஓடும், அதில் ஆறு போக மற்றதெல்லாம் வீண். ஆறைக் குறைக்க முடியுமா என்று வடிவமைக்கும்போதே பார்க்க வேண்டும். நடுவில் மடித்துப் பின் அடிக்கும் விதிப்புத்தகம் நான்கின் மடங்கில்தான் வரும், 13 பக்கம் எழுதினால் 16க்குக் காசு. பெட்டியை ஒரு விரல் உயரமாக்கினால் கன்டெய்னரில் ஏறும் எண்ணிக்கை குறைந்து ஒவ்வொன்றுக்கும் கூலி ஏறும். கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் முன்பணம் வாங்குகிறவர்கள் பலர் சறுக்குவதும் கூலியில்தான். இன்றைய விலையில் வசூலித்து, ஒன்றரை வருடம் கழித்து அன்றைய விலையில் அனுப்ப வேண்டும். 2021இல் கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியபோது, வசூலித்த பணம் அனுப்பும் செலவுக்கே போதாமல் பலர் தவித்தார்கள்.

மாதச் சம்பளம்தான் உங்கள் கவலை என்றால், இதே துறையில் அதுவும் இருக்கிறது. பதிப்பகம் வாங்கிய விளையாட்டை யாருக்கும் அநியாயச் சாதகம் இல்லாதபடி சமன்செய்து முடித்துத் தரும் டெவலப்பர், விதிப்புத்தக எடிட்டர், கிராஃபிக் டிசைனர், ஆலையோடு பேசும் தயாரிப்பு மேலாளர் எல்லோரையும் பதிப்பகங்கள் எடுக்கின்றன. பட்டச் சான்றிதழைவிடக் கையில் காட்ட என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். குழப்பமான விதிப்புத்தகம் ஒன்றைப் பிள்ளை எடுத்து, எட்டே பக்கத்தில் படத்தோடு திருப்பி எழுதி, அதை மட்டும் வைத்து நான்கு புதியவர்களை ஆடவிட்டு, எங்கே தடுக்கினார்கள் என்ற குறிப்பையும் பின்னால் இணைக்கட்டும். அடுத்த விடுமுறைக்குள் முடிக்கக்கூடிய வேலைதான்.