வலது கண்ணில் சாயம், மூளையின் இரு பக்கமும் ஒளி: எங்கே பிசகு?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வேலைப் பயிற்சிக்காக ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். ஃபார்மலினைப் போன்ற கரைசலில் பதப்படுத்திய 5 நாள் ஜீப்ரா மீன் குஞ்சுகளின் வலது கண்ணில் மட்டும், பார்வை நரம்பு மூளையில் போகும் வழியைப் பார்க்க, டை-ஐ (DiI) என்ற ஒளிரும் சிவப்புச் சாயம் செலுத்தினேன். மறுநாள் பார்த்தால் மூளையின் இரண்டு பக்கமும் சிவப்பாக ஒளிர்கிறது. பார்வை நரம்பு இரு பக்கமும் போகிறதா, நான் செய்ததில் தவறா? (சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பெரும்பாலும் சாயம் கசிந்திருக்கும். மனம் தளர வேண்டாம், இந்த வேலையைத் தொடங்கும் எல்லோருக்கும் இது நடக்கிறது.

நம் கண்ணிலிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் ஏறக்குறைய பாதிதான் மறுபக்கம் தாண்டும். பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தையே பார்த்துப் பழகியதால் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஜீப்ரா மீன் குஞ்சில் வலது கண்ணின் இழைகள் அத்தனையும் இடப்பக்க மூளைக்குப் போய்விடும். இடது கண்ணுடையவை வலப்பக்கம். பெல்லடோனா என்ற மரபுத்திரிபு உள்ள மீன்களில் இழைகள் தாண்டாமல் அதே பக்கம் போவதுண்டு, ஆனால் உங்களிடம் இருப்பது சாதாரணக் குஞ்சுகள்தானே. ஆகவே சாயம் ஏற்றிய கண்ணின் பக்கத்திலும் ஒளி தெரிந்தால் முதலில் சாயத்தைச் சந்தேகப்படுங்கள். தனியாக ஒரு சோதனை வைக்காமலே மீன் நமக்கு இதைக் காட்டிக்கொடுக்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். தேக்கா சந்தையில் கொடுவா மீன் தலை ஒன்று வாங்குங்கள். பிளக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குழம்புக்கு என்று நினைத்து நடுவில் வெட்டிவிடுவார். வீட்டில் மண்டையோட்டின் மேல்பகுதியைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருண்டைகள் தெரியும். அதுதான் டெக்டம், நடுமூளையின் மேற்கூரை. கண்ணின் செய்தியில் பெரும்பகுதி வந்து சேரும் இடம். அப்புறம் மூளையின் முன்நுனியைக் கரண்டிக் காம்பால் மெல்லத் தூக்கி அடியில் பாருங்கள். இரண்டு வெள்ளைக் கயிறுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும். நம் தலைக்குள் இழைகள் பின்னிக் கலந்துவிடுகின்றன. இங்கே கயிறு கயிறாகவே தாண்டுகிறது. எந்தக் கயிறு மேலே என்பது மீனுக்கு மீன் மாறும். முதல் முறை பார்த்தபோது நான் வெகுநேரம் அந்தத் தலையை விட்டு எழவே இல்லை.

சரி, உங்கள் குஞ்சுக்கு வருவோம். டை-ஐ கொழுப்பில் கரையும் சாயம். செல்லின் சவ்வோடு ஒட்டி, அதன் வழியே மெதுவாகப் பரவும். இறந்த, பதப்படுத்திய திசுவிலும் பரவும் என்பதுதான் இதன் அருமை. அதே காரணத்தால் சவ்வைக் கலைக்கும் எதுவும் இதற்கு ஆகாது. மெத்தனாலிலோ ட்ரைட்டன் சோப்பிலோ குஞ்சைக் கழுவினீர்களா என்று உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். கழுவியிருந்தால் சாயம் இழையை விட்டு வெளியேறி எங்கும் பரவியிருக்கும்.

கழுவவில்லை என்றால் ஊசியைக் கவனியுங்கள். குஞ்சின் கண் மூளையை ஒட்டியே இருக்கிறது. சற்று ஆழமாகக் குத்தினால் சாயம் நேரே மூளைக்குள் போய்விடும். ஊசி முனை லென்ஸுக்கும் விழித்திரைக்கும் இடையில் நிற்க வேண்டும். அளவும் மிகக் குறைவாகப் போதும்: லென்ஸைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் தெரிந்ததும் நிறுத்துங்கள். வெளியே வழிந்த துளி தோலில் ஒட்டினாலும் மறு கண்ணில் பட்டாலும் அந்தக் குஞ்சை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். சாயத்தைக் குளோரோஃபாமில் கரைத்திருந்தால் கண்ணாடித் தட்டையே பயன்படுத்துங்கள். என் பயிற்சிக் காலத்தில் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, தட்டு இளகிக் குஞ்சுகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு ஒரு நாள் உழைப்பு வீணானது.

இன்னொரு வாய்ப்பும் உண்டு: அது உண்மையான கசிவாக இல்லாமல், சாயம் நிறைந்த கண்ணின் பளபளப்பு பக்கத்தில் சிதறுவதாக இருக்கலாம். சாயம் பரவி முடிந்த பிறகு அந்தக் கண்ணை மெல்லிய ஊசியால் அகற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இழைகள் மூளையில் அப்படியே இருக்கும். சாயமே ஏற்றாத ஒரு குஞ்சையும் அதே அமைப்பில் படம் எடுங்கள். மஞ்சள் கரு தானாகவே ஒளிரும், அதைச் சாயம் என்று எண்ணிவிடக் கூடாது.

சரியாக வந்ததா என்பதை வடிவம் சொல்லிவிடும். கசிவு மங்கலான புகை போலப் பரவியிருக்கும். உண்மையான இழை நூல் நூலாக ஓடி, நுனியில் கிளை விரிக்கும். குஞ்சில் இப்படி இழைகள் முடியும் 10 இடங்களை பர்ரில், ஈஸ்டர் என்ற ஆய்வாளர்கள் 1994-ல் வரையறுத்தார்கள், பத்தாவதுதான் டெக்டம்.

கை பழகியதும் அரைக் கண்ணுக்கு மட்டும் சாயம் ஏற்றிப் பாருங்கள். விழித்திரையின் மூக்குப் பக்கத்து இழைகள் டெக்டத்தின் பின்பகுதியிலும், எதிர்ப்பக்கத்தவை முன்பகுதியிலும் முடிய வேண்டும். அந்த எதிர்ப்பக்கத்துக்கு டை-ஓ என்ற பச்சைச் சாயம் ஏற்றினால் இரண்டு நிறமும் டெக்டத்தில் தனித்தனியாக நிற்கும். தங்கமீனின் பார்வை நரம்பை வெட்டி, அது மீண்டும் வளர்ந்தபோது இழைகள் தத்தம் இடத்தைத் தேடிப் போவதை அட்டார்டியும் ரோஜர் ஸ்பெர்ரியும் 1963-ல் காட்டியது இந்த ஒழுங்கைத்தான்.

வளர்ந்த மீனில் டை-ஐ பரவ வாரக்கணக்கில் ஆகும் என்பதால் உயிருள்ள மீனில் வேறு சாயம் செலுத்தலாமே என்று தோன்றும். அதற்கு முன் உங்கள் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். இங்கு ஆராய்ச்சி விலங்குகளுக்கான விதிமுறைகள் மீனுக்கும் பொருந்தும். கூடத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு தந்த அனுமதியில் அந்த வேலை எழுதப்பட்டிருக்க வேண்டும்.