‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று ரிப்போர்ட் சொன்னால்...

வயது 58. ஆறு மாதமாக மாடி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு கிழிசல் என்று வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை கட்டாயமா?

அவசரப்படாதீர்கள். ‘ஜவ்வு’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வெவ்வேறு உறுப்புகளுக்குப் புழங்குகிறோம். ஒன்று, எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் கிடக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸ். மற்றது, எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் லிகமெண்ட். உங்கள் வயதில், அடி எதுவும் படாமல் கிழிந்திருப்பது பெரும்பாலும் மெனிஸ்கஸ்தான். அது தலை நரைப்பதுபோல. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முடிவு 2008இல் வெளியானது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை! உங்கள் வலிக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பின்லாந்தில் மூட்டுத் தேய்மானம் இல்லாத, ஆனால் இத்தகைய கிழிசல் உள்ள 146 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையாகவே கிழிசலை வெட்டிச் சீராக்கினார்கள். மற்றவர்களுக்கு அப்படிச் செய்ததுபோல் பாவனை மட்டும் காட்டினார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்பினரின் வலியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை (2013). எனவே முதலில் மூன்று மாதம் பிசியோதெரபி, தொடைத் தசைக்குப் பயிற்சி, உடல் பருமன் இருந்தால் எடைக் குறைப்பு. முழங்கால் பாதியில் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் மட்டும் கதை வேறு. அப்போது எலும்பு மருத்துவரிடம் உடனே போங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. எக்ஸ்-ரே கூட எடுக்காமல் ‘தேய்மானம்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம்பலாமா?

நம்பலாம். 45 வயதைத் தாண்டியவர், நடந்தால் வலி, காலை விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் விலகிவிடுகிறது என்றால், படம் இல்லாமலே தேய்மானம் என்று முடிவு செய்யலாம். எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தெரியக்கூடும்.

பைக்கிலிருந்து விழுந்துவிட்டேன். வீக்கம் அதிகமில்லை. எக்ஸ்-ரே வேண்டுமா?

கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1990களில் இதற்கென்றே ஒரு விதி வகுத்தார்கள். வயது 55 அல்லது அதற்கு மேல். முழங்கால் சில்லில் மட்டும் தொட்டால் வலி. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் புடைத்திருக்கும் எலும்பு முனையில் வலி. 90 டிகிரி மடக்க முடியவில்லை. விழுந்த உடனும் மருத்துவர் பார்க்கும்போதும் நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்-ரே எடுங்கள். எதுவுமே இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கபடியில் திரும்பும்போது ‘டப்’ என்று சத்தம். இரண்டு மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்-ரே நார்மல். வயது 21.

எக்ஸ்-ரேயில் லிகமெண்ட் தெரியாது. சத்தமும் உடனடி வீக்கமும் சேர்ந்து வந்தால் முன்புற லிகமெண்ட் அறுந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ.க்குச் செலவழிக்க வேண்டியது உங்களைப் போன்றவர்கள்தான். அதுவரை களத்தில் இறங்காதீர்கள்.

காய்ச்சலோடு முழங்கால் சிவந்து கொதிக்கிறது. ஸ்கேனுக்கு நாளைதான் நேரம் கிடைத்திருக்கிறது.

ஸ்கேனுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் ஊசியால் நீரை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

மகனுக்கு 12 வயது, கொஞ்சம் குண்டு. இரண்டு வாரமாக நொண்டுகிறான். முழங்கால் எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

படம் சரிதான், எடுத்த இடம்தான் தவறாக இருக்கலாம். இந்த வயதில் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவினால், வலி முழங்காலில் தெரிவதுண்டு. காலை ஊன்றவிடாமல் தூக்கிச் சென்று, இன்றே இரு பக்க இடுப்புக்கும் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுங்கள்.