சிறுகதைப் போட்டிக்கு அனுப்பும் முன்: கேள்வி பதில்

எங்கள் ஊர் இலக்கியத் திருவிழாவில் நடக்கும் சிறுகதைப் போட்டிக்கு ஆறு வருடம் முதல் சுற்று வாசகியாக இருந்தேன். வந்து குவியும் கதைகளை முதலில் படித்து, நடுவர்களுக்குப் போக வேண்டியவற்றைப் பிரித்துக் கொடுக்கும் வேலை. அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நான் மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விதியில் 2,000 சொற்களுக்கு மிகாமல் என்று இருக்கிறது. என் கதை 2,340 வருகிறது. கதை நன்றாக இருந்தால் விட்டுவிட மாட்டார்களா?

விட மாட்டார்கள், தம்பி. கதை என் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு தன்னார்வலர் கணினியில் சொல் எண்ணிக்கை பார்த்துவிடுவார். கூடினால் அது ஒதுக்கிய கட்டுக்குள் போய்விடும். அது நல்ல கதையா என்று யாருக்குமே தெரியாது. எனக்கு மிகவும் வருத்தமான இடம் அதுதான்.

340 சொல்லை வெட்டுவது முடியாத காரியம் இல்லை. முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து படித்துப் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேதான் உண்மையில் தொடங்கும். அடுத்து, ஒருவர் பேசி முடித்ததும் 'என்று ஆற்றாமையோடு சொன்னாள்' என்று நீங்கள் விளக்கும் இடங்களைப் பாருங்கள். பேச்சிலேயே ஆற்றாமை இருந்தால் விளக்கம் வேண்டாம். இல்லையென்றால் பேச்சைத்தான் திருத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தமிழில் 'போய்க் கொண்டு இருந்தான்' என்று எழுதினால் மூன்று சொல், சேர்த்து எழுதினால் ஒரு சொல். எண்ணிக்கையைக் குறைப்பதற்காகக் கதை முழுக்கச் சொற்களை ஒட்டவைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. படிக்கிறவருக்கு மூச்சு முட்டும்.

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலேயே அனுப்பலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா? ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்புவதுதான் நல்லது என்கிறார் இன்னொருவர்.

உண்மைதான். இது நம் ஆட்களில் நிறையப் பேருக்குத் தெரியாமல் போவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012 முதல் நடக்கும் பரிசு இது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடியுரிமை இருக்க வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் எல்லாம் அதில் அடக்கம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கதை 2,000 முதல் 5,000 சொற்கள். ஒருவருக்கு ஒரு கதைதான். கட்டணம் கிடையாது. ஐந்து வட்டாரங்களில் வெல்பவர்களுக்கு ஆளுக்கு 2,500 பவுண்டு, அந்த ஐவரிலிருந்து தேர்வாகும் ஒருவருக்கு 5,000 பவுண்டு. வழக்கமாகச் செப்டம்பரில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். அந்தந்த ஆண்டின் விதிகளை அவர்களுடைய தளத்தில் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

தமிழில் வரும் கதைகளைத் தமிழ் தெரிந்தவர்கள் முதலில் படிப்பார்கள். அதில் மேலே போகும் கதைகளை அவர்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்து, பிறகு நடுவர்களிடம் கொடுப்பார்கள். ஆகவே சரளமில்லாத ஆங்கிலத்தில் நீங்களே மாற்றி அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூடவே இருந்தால் அது வேறு விஷயம். மொழிபெயர்த்த கதைகளையும் ஏற்கிறார்கள்.

குறைந்தபட்சம் 2,000 சொல் என்பதைக் கவனியுங்கள். நம் மொழியில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை ஆங்கிலத்தைவிடக் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். இதழ்களுக்கு 1,200 சொல்லில் எழுதிப் பழகியவர்களுக்கு இது தடுமாற்றமாக இருக்கும். இருக்கும் கதையை இழுத்து நீட்டாதீர்கள். அந்த நீளத்தைத் தாங்கக்கூடிய கதையைத் தேர்ந்தெடுங்கள். 2021ல் ஒட்டுமொத்தப் பரிசு வாங்கியவர் இலங்கையைச் சேர்ந்த கன்யா டி அல்மேடா. அவர் எழுதியது ஆங்கிலத்தில்தான். ஆனால் கதை, வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றியது. வெளிநாட்டுப் பரிசு என்பதற்காக வெளிநாட்டுக் கதை எழுத வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இப்போது பாரிஸில். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துவிட்டேன். எனக்கும் அது பொருந்துமா?

வசிக்கும் நாடு அல்ல, குடியுரிமைதான் கணக்கு. பிரான்ஸ் காமன்வெல்த்தில் இல்லை. இரட்டைக் குடியுரிமையாக இலங்கைக் குடியுரிமையும் உங்களிடம் இருந்தால் அனுப்பலாம்.

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கிறேன். தங்கமுனை விருதுக்கு எழுதலாமா அக்கா?

தங்கமுனை விருது, சிங்கப்பூரின் தேசியக் கலைகள் மன்றம் 1993ல் தொடங்கிய எழுத்துப் போட்டி. தமிழ் உட்பட அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுக்கும் உண்டு. ஆனால் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். உங்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது அல்லவா? அப்படியென்றால் மேலே சொன்ன காமன்வெல்த் பரிசுக்கு உங்களுக்குத் தடை இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து. என் கதையை முகநூலில் போட்டிருந்தேன், நல்ல வரவேற்பு. இப்போது பதிவை நீக்கிவிட்டுப் போட்டிக்கு அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது?

'எங்கும் வெளிவராத கதை' என்று விதியில் இருந்தால் முகநூல், வலைப்பூ, வாட்ஸ்அப் குழு எல்லாம் வெளிவந்ததாகத்தான் பெரும்பாலான இடங்களில் கணக்கு. முடிவு அறிவித்த மறுநாளே யாராவது ஒருவர் பழைய திரைப்பிடிப்போடு வருவார். எங்கள் போட்டியில் ஒருமுறை அப்படி நடந்தது. பரிசைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பெண் நன்றாக எழுதக்கூடியவர். அடுத்த இரண்டு வருடம் அவரிடமிருந்து கதையே வரவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனது கஷ்டப்படுகிறது.

உறுதிமொழிக் கடிதத்தில் 'இது என் சொந்தப் படைப்பு, வேறு எங்கும் வெளிவரவில்லை, வேறு போட்டியின் பரிசீலனையிலும் இல்லை' என்று கையெழுத்துப் போடுகிறோம். அந்த மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதியது அல்ல என்ற வரியையும் சில இடங்களில் சேர்க்கிறார்கள், அதுவும் கையெழுத்துதான்.

வணக்கம் அம்மா. ஓய்வுபெற்ற தபால்காரன், திருச்சி. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். போன முறை 'திறக்க முடியவில்லை' என்று பதில் வந்தது.

ஐயா, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியபின் கதை முழுவதையும் கண்ணால் ஒரு முறை படித்துவிடுங்கள். ஒற்றைக் கொம்பும் மேற்கோள் குறிகளும் இடம் மாறியிருக்கும்.

பி.டி.எஃப் மட்டும் அனுப்ப வேண்டாம், வேர்டு கோப்பும் வையுங்கள். பி.டி.எஃபிலிருந்து தமிழை நகலெடுத்தால் பல நேரம் கால்களும் கொம்புகளும் சிதறிப்போகும். அப்புறம், கதைத் தாளில் பெயர் போடாதீர்கள் என்று விதி சொன்னால் கோப்பின் பெயரிலும் போடக்கூடாது. பெயர், முகவரியை மின்னஞ்சலில் மட்டும் எழுதுங்கள்.

டீச்சர், நீங்கள் படிக்கும்போது எதைப் பார்த்து ஒரு கதையை ஒதுக்குவீர்கள்? உள்ளதைச் சொல்லுங்கள். (சேலம், இல்லத்தரசி, நான்கு முறை அனுப்பியவள்)

உள்ளதைச் சொல்கிறேன் அம்மா.

ஒரே நாளில் இருபது கதை படிக்கும்போது அதில் நான்கு முதியோர் இல்லத்தில் முடியும். மகன் வெளிநாட்டில் இருப்பான், அம்மா ஒரு கடிதம் எழுதி வைத்திருப்பாள். முதியோர் இல்லம் எழுதக்கூடாத விஷயம் அல்ல. ஆனால் அந்த நான்கிலும் அம்மாவுக்கு ஒரே முகம். அவள் நல்லவள், பாவம், அவ்வளவுதான். ஐந்தாவதாக ஒரு கதை வந்தது. அதில் அம்மா இல்லத்தில் பக்கத்துக் கட்டில்காரியோடு ஊறுகாய் ஜாடிக்காகச் சண்டை போடுகிறாள், மகன் போன் செய்தால் வேண்டுமென்றே எடுக்காமல் விடுகிறாள். அதை நான் மேலே அனுப்பினேன். அந்தக் கிழவியை எனக்கு இப்போதும் தெரியும்.

இரண்டாவது, கடைசிப் பத்தி. கதை முடிந்துவிட்டது என்று எழுதியவருக்கே தெரியும். இருந்தாலும் நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பயந்து, 'பணத்தைவிடப் பாசம் பெரிது என்று அவன் உணர்ந்தான்' என்று சேர்த்துவிடுவார். அந்த ஒரு வரியால் இரண்டாம் சுற்றில் மதிப்பெண் இழந்த கதைகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கடைசி வரித் திருப்பம். 'அவள் இறந்து பத்து வருடம் ஆகிறது' வகை. அதை மூடிவைப்பதற்காக நடுவில் எத்தனையோ பொய் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாம் முறை படிக்கும்போது கதை உட்கார்ந்துவிடும். நடுவர்கள் இரண்டு முறை படிப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

எழுத்துப்பிழைக்காக நான் எதையும் ஒதுக்கியதில்லை. ஒற்று விடுபட்டால் பரவாயில்லை. ஆனால் முதல் பக்கத்தில் பாத்திரத்தின் பெயர் செல்வி, மூன்றாம் பக்கத்தில் செல்லம்மா என்றால் எழுதியவரே திரும்பப் படிக்கவில்லை என்று தெரிந்துபோகும்.

நான்கு முறை அனுப்பினேன் என்கிறீர்கள். எல்லாம் அறிவிப்பு வந்தபிறகு, கடைசி வாரத்தில் எழுதியவையா? ஆம் என்றால் இந்த முறை மாற்றிப் பாருங்கள். கதையை இப்போதே எழுதி, ஒரு மாதம் பெட்டியில் வைத்துவிட்டு, அப்புறம் சத்தமாக வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

நாகர்கோவில். முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதினால் வெளியூர் நடுவருக்குப் புரியுமா?

புரியும். நாஞ்சில் நாட்டுப் பேச்சும் கரிசல் பேச்சும் எத்தனை காலமாகத் தமிழ்க் கதைகளில் இருக்கின்றன! ஓரிரு சொல் தெரியாமல் போனாலும் சூழலிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அடைப்புக்குறிக்குள் பொருள் கொடுக்காதீர்கள், வாசிப்பு அறுந்துபோகும். ஆனால் வேறு வட்டாரப் பேச்சைப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டு எழுதாதீர்கள். அந்த மண்ணின் ஆள் ஒருவர் வாசகர் குழுவில் இருந்தால் முதல் உரையாடலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

விதிகளில் 'போட்டிக்கு வரும் படைப்புகளின் முழு உரிமையும் விழாக் குழுவையே சாரும்' என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது. (சென்னை, மென்பொருள் பணியாளர்)

அந்த வரியைப் பார்த்துத் தயங்குவது சரிதான். பரிசு பெறும் கதையைத் தொகுப்பில் ஒருமுறை வெளியிடும் உரிமை கேட்பது நியாயம். அனுப்பிய எல்லாக் கதைகளுக்கும் முழு உரிமை கேட்பது நியாயமில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ன்படி, உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் கொள்வார்கள். ஆகவே அறிவிப்பில் ஒரு வரி போட்டுவிட்டதால் மட்டும் உங்கள் கதை உங்களை விட்டுப் போய்விடாது. ஆனால் உறுதிமொழிக் கடிதத்திலும் அதே வரி இருந்து, அதில் நீங்கள் கையெழுத்திட்டால் நிலைமை வேறு. விழாக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, 'தேர்வாகாத கதையை நான் வேறு இடத்தில் வெளியிடலாமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் 'தாராளமாக' என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். தேர்வானால் தொகுப்பில் வரும், ஆனால் பத்துப் பிரதி நாமே வாங்க வேண்டுமாம்.

வேண்டாம். கட்டணம் வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை, இங்கிலாந்தில் பெயர்பெற்ற பல போட்டிகள் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் எழுதியவரே பிரதி வாங்க வேண்டும் என்றால் அவர்கள் தேடுவது கதையை அல்ல, வாங்குகிறவரை.

போன வருடம் அனுப்பிய கதை தேர்வாகவில்லை. அதையே இந்த வருடமும் அதே போட்டிக்கு அனுப்பலாமா? (தஞ்சாவூர்)

விதி தடுக்காவிட்டால் அனுப்பலாம். ஆனால் முதல் சுற்று வாசகர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான், தலைப்பை மாற்றினாலும் அடையாளம் தெரிந்துவிடும். அதைவிட ஒரு இதழுக்கு அனுப்புங்கள். நான் மேலே அனுப்பி, நடுவர் குழுவில் விழுந்துபோன ஒரு கதை, மறு வருடம் ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. அந்த இதழை வாங்கி வைத்திருக்கிறேன். போட்டியில் மூன்று பேர் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். இதழில் ஒரு ஆசிரியருக்குப் பிடித்தால் போதும். அனுப்புவதற்கு முன், போட்டி முடிவு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டுவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.