ஜன்னலை மூடினேன், புரோகிராம் சாகவில்லை

பைத்தானில் ஜன்னல் உருவாக்க உதவும் டிகிண்டர் பற்றி வாசகர்கள் கேட்டவை; வரியின் தொடக்கத்தில் இருப்பது கேட்டவரின் ஊர்.

செந்தூல்: டிகிண்டரில் மெயின்லூப்புக்குக் கீழே எழுதிய வரி ஓடவே மாட்டேன் என்கிறது, அண்ணே.

ஓடும், ஜன்னலை மூடியதும். மெயின்லூப்பை அழைத்தால் புரோகிராம் அந்த வரியிலேயே உட்கார்ந்து, கிளிக், கீபோர்டு என்று வருவதையெல்லாம் கவனிக்கும். முன்கூட்டிச் செய்யவேண்டியதை அதற்கு மேலே எழுதுங்கள்.

கெப்போங்: பட்டனில் ஸ்லீப் 10 (10 நொடி சும்மா இரு) வைத்தேன். ஜன்னல் உறைந்துவிட்டது.

பட்டனின் வேலை முடியும்வரை லூப் வேறு எதையும் தொடாது. 5 நொடி பதில் இல்லையென்றால் விண்டோஸே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். ஆஃப்டர் போடுங்கள். அது லூப்பை நிறுத்தாமல், சொன்ன நேரம் கழித்து வேலையைத் தொடங்கும்; கணக்கு மில்லிநொடியில், ஆகவே 10000. பட்டனுக்குள் ஸ்லீப் கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்: ஜன்னல் மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் பைத்தான் இருக்கிறது.

நானும் பட்டிருக்கிறேன். பினாங்கில் ஒரு நாசி கண்டார் கடைக்கு பில் புரோகிராம் எழுதினேன். முதன்மை ஜன்னலை வித்ட்ரா செய்து மறைத்துவிட்டு, பில்லுக்கு டாப்லெவலில் இன்னொரு ஜன்னல். கல்லாக்காரர் இரவில் அதை மூடுவார், காலையில் புதிதாகத் திறப்பார். ஒரு வாரத்தில் 7 பைத்தான்! மறைந்த ஜன்னல் உயிரோடிருக்கும்வரை மெயின்லூப் முடியாது. பில் ஜன்னலின் புரோட்டோகாலில் மூடும் நிகழ்வைப் பிடித்து, முதன்மை ஜன்னலை டெஸ்ட்ராய் செய்ததும் சரியாயிற்று. உங்களுடையதில் த்ரெட் (பக்கத்தில் தனியாக ஓடும் வேலை) ஏதும் ஓடுகிறதா? டீமன் (காத்திருக்க வேண்டாத பின்னணி வேலை) என்று குறிக்காத த்ரெட் முடியும்வரை பைத்தான் காத்திருக்கும்.

செராஸ்: குயிட்டா, டெஸ்ட்ராயா?

குயிட் லூப்பை மட்டும் நிறுத்தும், ஜன்னல் நிற்கும். டெஸ்ட்ராய் ஜன்னலையே அழிக்கும், லூப்பும் முடியும். மூடுவதற்கு டெஸ்ட்ராய்தான்.

ஜெலுத்தோங்: பத்து வருடமாக குயிட்தான் போடுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

உங்கள் கடைசி வரியே மெயின்லூப்பாக இருக்கும். பைத்தான் முடியும்போது ஜன்னலும் போய்விடுகிறது. பைத்தானோடு வரும் ஐடில் என்ற எடிட்டரின் ஷெல்லில் ஓட்டிப் பாருங்கள், ஜன்னல் அசையாமல் நிற்கும்.

மறுபடி ஜெலுத்தோங்: டெஸ்ட்ராய்க்குப் பின் என்ட்ரி பெட்டியை (டைப் செய்யும் கட்டம்) படித்தால் டிசிஎல் எரர் வருமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சரி, அது நியாயம். அழித்த பெட்டியில் எதைப் படிப்பது? குயிட் போட்டு, லூப் நின்றதும் பெட்டியைப் படித்து, அப்புறம் டெஸ்ட்ராய். இருவரும் பாதிப் பாதி ஜெயித்தோம் என்று வைத்துக்கொள்வோம்.

புக்கிட் பிந்தாங்: டிகிண்டர் போன்ற பைக்யூட்டி 6-இல், மெயின்லூப் வேலையைச் செய்யும் எக்ஸெக்_ இல்லை என்று எரர்.

பெயருக்குப் பின்னால் உள்ள கீழ்க்கோட்டை எடுங்கள்.

ஆயர் ஈத்தாம்: பட்டனின் வைல் லூப்புக்குள், காத்திருக்கும் கிளிக்குகளைக் கவனிக்கும் அப்டேட் போட்டேன். உறையவில்லை. இது போதுமா?

உறையாது, வேறு வினை வரும். அப்டேட் ஓடும் நேரத்தில் அதே பட்டனை இன்னொரு முறை அழுத்தினால், முதல் வேலை முடியாமலே இரண்டாவது தொடங்கிவிடும். ஒரே தே தாரிக்குக்கு இரண்டு பில். ஆஃப்டர் போடுங்கள்.

பங்சார்: ஸ்லீப் 3 மட்டும்தான், பரவாயில்லையா?

கெப்போங் பதில்.

பட்டர்வொர்த்: ஸ்லீப் 1?

கெப்போங்!