பவளத் துண்டும் பயணப் பெட்டியும்

கேள்வி: எங்கள் கல்லூரியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களை ஒருநாள் தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். அவர்கள் கடலில் குளிக்கலாமா?
– வாசகர், பரமக்குடி

பதில்: தனுஷ்கோடியின் கடைமுனையான அரிச்சல்முனையில் வேண்டாம்; பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் அவ்விடத்தில், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் நீரோட்டம் இழுத்துவிடும். குளிப்பதற்கு, அலை தணிந்த, சவுக்குத் தோப்பு நிழலுள்ள அரியமான் கடற்கரையே ஏற்றது. தனுஷ்கோடியில், 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரை அவர்கள் அருகே நின்று பார்க்கட்டும். பவளக் கற்களால் எழுப்பிய சுவர் என்பதால், கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு குழிகள் தெரியும். அந்த அழகில் மயங்கி, கரையில் கிடக்கும் பவளத் துண்டொன்றை யாராவது பெட்டியில் வைத்துக்கொண்டால் விமான நிலையத்தில் வம்புதான்; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம்தருவதில்லை. வழியில் நிழல் அரிது. குடிநீரைத் தாராளமாக எடுத்துக்கொண்டு விடியலிலேயே கிளம்புங்கள்.